இடுப்பில் இரண்டாவது கத்தி

போலீஸ்காரர்களுக்குச் சின்னக் கத்தி விற்கிற வேலையில், கத்தியைப் பற்றிப் பேசக் கிடைக்கிற நேரம் மிகக் குறைவு. பூட்ஸுக்கு மேட்ச் ஆகுமா, சட்டையைத் தூக்கிக் காட்டுமா, சினிமாவில் வந்த மாதிரி இருக்கிறதா என்று பேசிப் பேசியே டியூட்டி முடிந்துவிடும். கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் வீங்கிய எல்லோருக்கும் இது புரியும். நீங்கள் விற்பது புடவையாகவோ ஃபோனாகவோ இருக்கலாம், வருகிற ஆட்கள் இவர்களேதான்.

எங்கள் கடை துபாய் அல் கூஸில். யூனிஃபார்ம், பூட்ஸ், பெல்ட், டார்ச் எல்லாம் உண்டு. நான் அஜ்மானிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவன். கத்தி அலமாரி என் பொறுப்பு. போலீஸ் அட்டை காட்டாதவருக்கு அது திறக்காது, கடை வழக்கம் அப்படி. அதில் அதிகம் போவது உள்ளங்கை அளவுக் கத்திதான். பெரிய கத்தி வலது பக்கம் இருக்கும். வலது கை மாட்டிக்கொண்டால் இடது கைக்கு எட்டுகிற மாதிரி இன்னொன்று வேண்டும். சீட் பெல்ட்டை அறுக்க, கயிற்றை அறுக்க, அடிபட்டவர் சட்டையைக் கிழிக்க. விஷயம் இவ்வளவுதான். இதை வாங்க வருகிறவர்கள்தான் இவ்வளவோடு நிற்பதில்லை.

படத்தில் வைத்திருந்த இடம்

டிரெய்னிங் முடித்துப் புதிதாக வந்த ஒரு இளம் அதிகாரி. கடைக்குள் வந்தும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றவில்லை. ஃபோனில் ஒரு படத்தைக் காட்டி அதே கத்தி, அதே உறை என்றார். கொடுத்தேன். "இடது பக்கம், பக்கிளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். இந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை எடுத்துப் பாருங்கள்" என்று என் இந்தியில் சொன்னேன். உட்காரவில்லை. படத்தில் இருந்த மாதிரியே முதுகுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்று திரும்பித் திரும்பிப் பார்த்தார். காரில் உட்கார்ந்தால் குத்தும் என்றேன். "மாஃபி முஷ்கில்", பிரச்சினை இல்லை என்றார். பிரச்சினை அவர் முதுகுக்குத்தானே, நானும் விட்டுவிட்டேன்.

நாலாம் நாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். காரில் சாய முடியவில்லையாம். சீட் பெல்ட் போட்டிருக்கும்போது கை பின்னால் போகவும் இல்லையாம். இப்போதாவது முன்னால் மாட்டலாமே என்றேன். ரொம்ப நியாயமான குரலில் சொன்னார்: "கத்தி நல்ல கத்திதான். ஆனால் அதை எடுத்துக் கொடுக்க இன்னொரு போலீஸ்காரர் கூடவே வர வேண்டியிருக்கிறது."

டெமோ

எங்கள் மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர். எம்.பி.ஏ. கத்தியால் அவர் நறுக்கியது பிறந்தநாள் கேக் மட்டும்தான் என்பது என் எண்ணம். போலீஸ் தரப்பிலிருந்து சாமான் பார்க்க மூன்று பேர் வந்திருந்தார்கள். டெமோவை நானே செய்கிறேன் என்று மேனேஜர் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். பழைய காரிலிருந்து எடுத்த சீட் பெல்ட் துண்டை அவரும் சிவராசாவும் ஆளுக்கொரு நுனியாகப் பிடித்தார்கள். சிவராசா என்னோடு கவுண்டரில் நிற்கிற யாழ்ப்பாணத்துக்காரர்.

பெல்ட்டை இழுத்துப் பிடித்துச் சாய்வாக அறுக்க வேண்டும். மேனேஜர் அதைத் தொளதொளவென்று விட்டு, கத்தியை ரம்பம் மாதிரி இழுத்தார். இழுத்துக்கொண்டே இரும்பின் பெருமையை இங்கிலீஷில் சொன்னார். பெல்ட் மடங்கியது, முறுக்கியது, அறுபடவில்லை. கடைசியில் கத்தி நழுவி அவர் கட்டை விரலில் இறங்கியது. வந்தவர்களில் வயதான சார்ஜன்ட் ஒருவர் எழுந்து, தன் பையிலிருந்து ஒரு தேய்ந்த கத்தியை எடுத்து ஒரே இழுப்பில் பெல்ட்டை அறுத்தார். பிறகு மேனேஜரின் விரலுக்குத் தன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார்: "விரலை அறுக்கிறது என்று பார்த்துவிட்டோம், வேறு என்ன செய்யும்?"

வீட்டம்மா சாட்சி

ஐ.டி. கம்பெனிக்காரர் ஒருவர், சென்னை ஆள், மனைவியோடு வந்தார். யூடியூப் பார்த்தே படித்துவிட்டு வந்திருந்தார். எந்த இரும்பு துருப்பிடிக்கும், எந்தக் கைப்பிடி வியர்வையில் வழுக்கும், போலீஸ்காரர்கள் ஏன் தப்பான கத்தியை வைத்துக்கொள்கிறார்கள் என்று அரை மணி நேரம் எனக்கு வகுப்பு எடுத்தார். சொன்னதில் பாதி சரி, அதுதான் எரிச்சல். அட்டை இல்லாமல் அலமாரி திறக்காது சார் என்றேன். "ஒரு ஆபத்துன்னா குடும்பத்தைக் காப்பாத்த வேண்டாமா? நீங்க பொறுப்பேத்துப்பீங்களா?" என்று கேட்டார்.

அதுவரை டார்ச்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த அம்மா திரும்பாமலே சொன்னார்: "பூஜைக்குத் தேங்காய் உடைக்கணும்னா எதிர் ஃப்ளாட்காரரைக் கூப்பிடுவாரு. நீங்க டார்ச்சுக்கு மட்டும் பில் போடுங்க."

இராமநாதபுரத்துக்காரர்

இது நான் வாங்கிக் கட்டிக்கொண்டது. நீல யூனிஃபார்மில் ஒரு செக்யூரிட்டி வந்தார். பக்கத்துக் குடோனில் டியூட்டி, ஊர் இராமநாதபுரம் பக்கம். ஒரு சின்னக் கத்தி வேணும்ணே என்றார். அன்று காலையிலிருந்து மூன்று பேருக்கு இல்லை என்று சொல்லி அலுத்திருந்தேன். "யூனிஃபார்ம் போட்டவன் எல்லாம் போலீஸ் ஆயிட முடியாது தம்பி. கேட்டுல நின்னு கத்தியை வச்சு யாரைக் குத்தப் போறே?" என்று நாலு பேர் எதிரில் கேட்டேன். சிலர் சிரித்தார்கள். நானும்தான்.

அவர் கோபப்படவில்லை. கையை விரித்துக் காட்டினார். விரல் நுனியெல்லாம் கீறல், இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. "குத்துறதுக்கு இல்லண்ணே. கேட் டியூட்டியோட லோடு பிரிக்கிற வேலையும் எங்கிட்டத்தான் குடுத்திருக்காங்க, பிளாஸ்டிக் பட்டையை நகத்தால பிய்க்க முடியல" என்றார்.

உறையோடு வந்தது

சாலிம் நெடுஞ்சாலை ரோந்துக்காரர். அலட்டல் இல்லாதவர். நான் சொன்ன இடத்தில் மாட்டி, உட்கார்ந்து, எழுந்து, இடது கையால் எடுத்துப் பார்த்து வாங்கிய அபூர்வ மனிதர். கிளிப் வைத்த உறையை நான்தான் சிபாரிசு செய்தேன். ஸ்க்ரூ வேண்டாம், மாட்டவும் கழற்றவும் சுலபம் என்று.

இரண்டு மாதம் கழித்து முழங்கையில் கட்டோடு வந்தார். ஒரு பிக்கப் கவிழ்ந்து கிடந்திருக்கிறது. ஓட்டியவர் பெல்ட்டில் தலைகீழாகத் தொங்குகிறார், எஞ்சினிலிருந்து புகை. சாலிம் ஜன்னல் வழியாக நுழைந்ததில் வலது கை தன் உடம்புக்கு அடியிலேயே மாட்டிக்கொண்டது. இடது கையால் சின்னக் கத்தியை இழுத்திருக்கிறார். கத்தி உறையோடு சேர்ந்து இடுப்பு பெல்ட்டிலிருந்து கழன்று வந்துவிட்டது. ஒரே கை. உறையை ஸ்டியரிங் கம்பியில் மாட்டி இழுத்து, மூன்றாவது தடவையில்தான் கத்தி வெளியே வந்திருக்கிறது. சீட் பெல்ட்டை அறுத்து ஆளை வெளியே இழுத்துவிட்டார். பிழைத்துவிட்டார், பெஷாவர்க்காரர். வண்டி பிறகு எரிந்துவிட்டது.

உறையை முகத்தில் எறிவார் என்று நினைத்தேன். அவர் அதைக் கவுண்டரில் மெதுவாக வைத்து, என் பக்கம் தள்ளினார். "அன்றைக்கு என்னை உட்காரச் சொன்னாய், எழச் சொன்னாய், எல்லாம் சரி. நீ ஒரு தடவை இதை இழுத்துப் பார்த்தாயா?"

வார்னிங் லெட்டர்

பார்க்கவில்லை. அத்தனை பேரைக் கிண்டல் செய்த நான் பார்க்கவில்லை. அன்று மதியம் நானும் சிவராசாவும் ஸ்டாக்கில் இருந்த கிளிப் உறைகளை ஒவ்வொன்றாக எங்கள் பெல்ட்டில் மாட்டி, வேகமாக இழுத்துப் பார்த்தோம். பாதிக்கு மேல் கையோடு வந்துவிட்டன. மேனேஜரிடம் போனேன். எழுத்தில் கம்ப்ளெயின்ட் வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் ஆஃபரில் போட்டுத் தள்ளிவிடுங்கள் என்றார்.

திரும்பி வந்து, கழன்ற உறைகளை எல்லாம் பின்கட்டில் வைத்து ஒவ்வொன்றின் கிளிப்பையும் சுத்தியலால் உடைத்தோம். சாலிமுக்கு ஸ்க்ரூ வைத்த உறையைக் கொடுத்தனுப்பினேன், அதைப் பத்து தடவை இழுத்துப் பார்த்த பிறகு. மறுநாள் எங்கள் இருவருக்கும் வார்னிங் லெட்டர். இன்னொன்று வந்தால் விசா கேன்சல் என்று கடைசி வரியில் இருந்தது. எனக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள் காலேஜில். சிவராசா தன் லெட்டரை வெளிச்சத்தில் பிடித்து முழுக்கப் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார்: "அண்ணை, என்ர பேரையும் பிழையா எழுதியிருக்கினம், உங்கட பேரையும் பிழையா எழுதியிருக்கினம். இது வேற ஆரோ ரெண்டு பேருக்கு வந்தது."

இப்போதெல்லாம் ஊரில் யாராவது துபாயில் என்ன வேலை என்று கேட்டால் துணிக்கடை என்று சொல்லிவிடுகிறேன், கத்திக் கடை என்றால் அவர்களும் யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுகிறார்கள்.