சனிக்கிழமை எண்ணெய்

தொலைக்காட்சியில் ஓர் அமெரிக்கர், உயரத்திலிருந்து விழுந்த பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடினார். பக்கத்தில் எண்பது வயது அண்ணன். தலையில் நல்லெண்ணெய் வாசம். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

சுதந்திரம் கிடைத்த ஐம்பத்தேழாம் வருஷம், பந்தோடு ஓடுவதில் எங்கள் ஊர் காஜா பெராங்கில் அண்ணனை மிஞ்ச ஆளில்லை. மாநில ரக்பி அணிக்கு ஆள் எடுக்கும் ஆட்டம் ஒரு சனிக்கிழமை வந்தது.

“சனிக்கிழமை எண்ணெ தேய்க்காம வெளிய போகக்கூடாது,” என்றார் அம்மா.

“பந்து வழுக்கும்மா!” என்றார் அண்ணன்.

அம்மா உள்ளங்கைவரை தேய்த்துவிட்டார். சீயக்காய் போட்டும் பிசுக்கு போகவில்லை. திடலில் வந்த இரண்டு பந்துகளும் அண்ணன் கையில் நிற்கவில்லை. பிறகு அவரை யாரும் கூப்பிடவே இல்லை.

நான்தான் அழுதேன். “உடம்புச் சூடு தணிஞ்சுதில்ல?” என்றபடி அம்மா அண்ணனுக்குச் சோறு போட்டார்.

அமெரிக்கர் எல்லைக்கோட்டைத் தாண்டிவிட்டார். அண்ணன் எண்ணெய்க் கிண்ணத்தை என்னிடம் நீட்டினார்.

“உச்சியில இன்னும் கொஞ்சம் வை, தங்கச்சி. இன்னைக்குச் சனிக்கிழமையில்ல?”