கோதண்டம் வளர்த்த சேம்பு

போன வியாழக்கிழமை எங்கள் தெருவில், ஜில்லாத் தலைநகர் சித்தூரிலிருந்து வந்த பெரிய ஆபீஸர் ஒருவர் சேப்பங்கிழங்கு வறுவலைக் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதனால் ஒரு பாத்தி பிழைத்தது. இன்னொரு பாத்தி காலியாயிற்று. வறுவலுக்கு அத்தனை சக்தியா என்று கேட்காதீர்கள். இந்த யுத்த காலத்தில் எதற்குத்தான் சக்தி இல்லை?

முதலில் பக்கத்து வீட்டுக் கோதண்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ரிடையரானவர். திருத்தணிக்கு வருகிற ஜனங்கள் மலையேறி முருகனைத் தரிசித்துவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவுக்குள் தப்பித்தவறி நுழைந்துவிட்டால் கோதண்டத்தின் கல்வாழைப் பூக்களையும் தரிசித்தாக வேண்டும். அவர் விடமாட்டார். வேலை பார்த்த ஸ்டேஷன்களிலிருந்தெல்லாம் கிழங்கு பெயர்த்துக்கொண்டு வந்து, வாசலை ஒட்டிச் செங்கல் வரிசை கட்டி, சுண்ணாம்பு அடித்து வளர்க்கிறார்.

"அரக்கோணத்துல துரை நின்னு பாத்த செவப்பு சார் இது!" என்பார்.

துரை ரயிலுக்காக நின்றிருப்பார் என்பது என் அபிப்பிராயம். சொன்னதில்லை.

இந்தக் கோடையில் ஊருக்கு ஓர் உத்தரவு வந்தது. அரிசிக்குத் தட்டுப்பாடு; ஆகவே வீட்டுத் தோட்டங்களில் தின்னக்கூடியதைப் பயிரிடுங்கள். பூச்செடிக்குப் பொதுக்கிணற்றுத் தண்ணீர் கிடையாது. நியாயமான உத்தரவுதான். ஆனால் நியாயமான உத்தரவை நிறைவேற்ற ஓர் ஆள் வருவாரே... அங்கேதான் எல்லாம் கெடுகிறது.

வந்தவர் ஒரு ரெவினியூ இன்ஸ்பெக்டர். பட்டணத்துப் பிள்ளை. காய்கறிகளைச் சாம்பாரில் மட்டும் சந்தித்தவர். கோதண்டத்தின் பாத்தி முன்னால் வந்து நின்றார். கல்வாழை அப்போது பூ விடவில்லை. அகல அகலமாக இலை மட்டும் செழித்து நின்றது.

"இது என்ன பயிர்?"

"சேம்பு" என்றார் கோதண்டம்.

நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்த வாய் கொஞ்சமாவது தடுமாறியதா என்றால், இல்லை. இன்ஸ்பெக்டருக்குப் பரம சந்தோஷம். "இப்படியல்லவா இருக்க வேண்டும்!" என்று என்னையும் ஒரு பார்வை பார்த்தார். என் தோட்டத்தில் கத்தரி வாடிக்கொண்டிருந்தது. 'மாதிரித் தோட்டம்' என்று சித்தூருக்கு ரிப்போர்ட் போய்விட்டது.

இரண்டு செடியையும் பார்த்திருப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கல்வாழை இலை தண்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நிற்கும். சேம்புக்கு ஒவ்வோர் இலைக்கும் தனிக் காம்பு. இலை தலையைத் தொங்கப் போட்டிருக்கும். கல்வாழைக்குச் செங்கல் வேண்டும், குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும், போகிற வருகிறவர்களின் புகழ்ச்சியும் வேண்டும். சேம்புக்கு வேண்டியது கொஞ்சம் சேறு. ஒன்று பூத்துக்காட்டும். மற்றது மண்ணுக்குள் கிழங்கு வைத்துவிட்டுப் பேசாமல் இருக்கும். மனிதர்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. மாலை எந்த ஜாதிக்கு விழுகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்ஸ்பெக்டர் அப்படியே ஊரை விட்டுப் போயிருந்தால் இந்தப் பத்தியைச் சிரித்துக்கொண்டே முடித்திருப்பேன். அவர் ஏரிப் பக்கமும் போனார்.

ஏரி மதகுக்குக் கீழே, கோடையிலும் ஈரம் காயாத ஒரு துண்டுப் புறம்போக்கு இருக்கிறது. அங்கே கன்னியம்மா சேம்பு போட்டிருக்கிறாள். நிஜமான சேம்பு. கழனி வேலைக்குப் போகிறவள். வீட்டில் அவள் சம்பாத்தியத்தை நம்பி நாலு வயிறு. ரேஷன் அரிசி தீர்ந்துபோன நாட்களில் அந்தக் கிழங்குதான் அவர்களுக்குச் சோறு.

இன்ஸ்பெக்டர் அந்தச் செடிகளைப் பார்த்தார். அவருக்குச் சேம்பு இன்னதென்று கோதண்டம் அப்போதுதான் கற்றுக்கொடுத்திருந்தாரே! இவை அந்த மாதிரி இல்லை. ஆகவே இவை சேம்பு இல்லை.

"கொசு அடையும் காட்டுச் செடி. வியாழக்கிழமைக்குள் பிடுங்கிப் போட வேண்டும்" என்று தலையாரியிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"சாமி, இதான் சாமி சேம்பு!" என்று கன்னியம்மா பின்னாலேயே ஓடியிருக்கிறாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லையாம்.

மறுநாள் காலை அவள் கோதண்டத்தின் வாசலில் வந்து நின்றாள். அவர் பாத்தியில் குனிந்துகொண்டிருந்தார். என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா? கல்வாழை மொட்டு விட ஆரம்பித்திருந்தது. ஒவ்வொன்றாகக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தார்! பூவைக் காப்பாற்றச் சொன்ன பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்ற இப்போது பூவையே கிள்ளுகிறார். இந்த மனிதரை என்னவென்று சொல்வது?

"நைனா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். சேம்பு இன்னான்னு ஆபீசருக்கு நீங்கதான் சொல்லிக்கீறீங்க. என்னுதுதான் சேம்புன்னு சொல்லுங்க. கொயந்தைங்க துன்றது நைனா."

"நான் எப்படிம்மா சொல்றது? சர்க்கார் விஷயம்" என்றார் கோதண்டம், நிமிராமலே.

அவள் போன பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

"ஓய், உம்முடைய கல்வாழைக்காக அந்தப் பொம்பளை வாயில் மண்ணைப் போடுகிறீரே!" என்றேன்.

"நான் பிடுங்கச் சொன்னேனா சார்? நான் என் பாத்தியைப் பத்தித்தானே சொன்னேன்!"

உண்மைதான். யுத்தத்தை ஆரம்பித்தவர்களும் அவரவர் பாத்தியைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அதற்காக அவர் வருந்தியதாகவும் தெரியவில்லை.

புதன்கிழமை இன்ஸ்பெக்டர் சைக்கிளில் பறந்து வந்தார். முகமெல்லாம் பல்.

"கோதண்டம் சார், அதிர்ஷ்டம்! நாளைக்குச் சித்தூரிலிருந்து பெரியவரே வருகிறார், உங்கள் சேம்பைப் பார்க்க. சேப்பங்கிழங்கு வறுவல் என்றால் அவருக்கு உயிராம். உங்கள் பாத்தியிலிருந்தே தோண்டி, இங்கேயே சாப்பாடு!"

கல்வாழைக்கும் கிழங்கு உண்டுதான். ஆனால் அதை வறுத்து ஜில்லா ஆபீஸருக்குப் போட்டுப் பார்க்க யாருக்குத் தைரியம் வரும்? கோதண்டம் கடைத்தெருவுக்கு ஓடினார். சேப்பங்கிழங்கு இல்லை. பஸ் பிடித்துப் பள்ளிப்பட்டு வரைக்கும் போய்ப் பார்த்தார். அங்கேயும் இல்லை. சாயங்காலம் வேறு வழியில்லாமல் ஏரிப் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன். உதவிக்கு அல்ல, வேடிக்கை பார்க்க.

கன்னியம்மா சேற்றில் கணுக்கால் அளவு நின்றுகொண்டிருந்தாள்.

"ஆங், கியங்கா?" என்றாள். "நாளிக்கி புடுங்கிப் போடப் போற காட்டுச் செடி இது. இதுல கியங்கு கீதுன்னு யாரு நைனா சொன்னது?"

கோதண்டம் கெஞ்சினார். அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த ஆபீசர் சாமி இங்க வரணும். இத்தப் புடுங்க மாட்டேன்னு அவரு வாயால சொல்லணும். சொன்னாதான் தோண்டுவேன்."

இன்ஸ்பெக்டரை அழைத்து வந்தோம். அந்தச் சேற்றங்கரையில் நின்று கோதண்டம் முதல் தடவையாக நிஜத்தைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் குதிப்பார், கத்துவார் என்று நினைத்தேன். அவரோ நிதானமாகச் சொன்னார்:

"ரிப்போர்ட் போய்விட்டது சார். ரிப்போர்ட்டில் அது சேம்பு. இனிமேல் அது சேம்புதான்."

"அப்போ இது?" என்று நான் சேற்றைக் காட்டினேன்.

கொஞ்சம் யோசித்தார். "இது... அதனுடைய நாற்றங்கால்."

பெரிய உத்தியோகத்துக்குப் போகக்கூடிய பிள்ளை!

"அப்ப புடுங்க மாட்டீங்களே?" என்றாள் கன்னியம்மா.

"நாற்றங்காலை யாராவது பிடுங்குவார்களா அம்மா?"

தலையாரியைக் கூப்பிட்டு அதையே இன்னொரு தடவை சொல்ல வைத்த பிறகுதான் அவள் மண்வெட்டியைக் கையில் எடுத்தாள்.

வியாழக்கிழமை பெரியவர் வந்தார். கோதண்டம் விடிவதற்கு முன்பே மொட்டுகளையெல்லாம் கிள்ளியிருந்தார். ஆனால் பின்வரிசையில், இலைக்குப் பின்னால் மறைந்திருந்த ஒன்று தப்பித்து, ஆபீஸர் வருகிற வேளை பார்த்து, நல்ல சிவப்பாக விரிந்து நின்றது. இன்ஸ்பெக்டர் குடையை விரித்து மறைத்தார். மறைக்கிற அளவில் பூக்கிற ஜாதியா அது?

"ஏமய்யா, சேம்பு பூக்குமா?" என்றார் பெரியவர்.

"எரு நன்றாகப் போட்டால் பூக்கும் சார்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரியவர் தலையை ஆட்டினார். ஏரிக்கரை நாற்றங்காலைப் பற்றியும் அதைப் பார்த்துக்கொள்கிற கன்னியம்மாவைப் பற்றியும் இன்ஸ்பெக்டர் சொல்லிவைத்தார். பிறகு இலை போட்டார்கள். புளித் தண்ணீரில் வேகவைத்து, நல்லெண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்த கிழங்கு. கோதண்டத்தின் வீட்டு அம்மாளுக்கு அதில் நல்ல கை. "பாக உந்தி! பாக உந்தி!" என்று தெலுங்கில் மெச்சிக்கொண்டே பெரியவர் கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார். ஏப்பம் விட்டார். உத்தரவும் போட்டார்.

"இத்தனை நல்ல ரகத்தை ஒரு வீட்டு வாசலில் வைத்துக்கொண்டிருக்கலாமா? எல்லாக் கிழங்கையும் தோண்டி, தாலுகா முழுதும் சர்க்கார் ஆபீஸ்களுக்கு விநியோகம் செய்யுங்கள். நாற்றங்காலை மட்டும் யாரும் தொடக் கூடாது. அந்த அம்மாளே பார்த்துக்கொள்ளட்டும்."

கோதண்டத்தால் என்ன சொல்ல முடியும்? அது பூச்செடி என்றா?

வெள்ளிக்கிழமை மாட்டு வண்டி வந்தது. அரக்கோணத்துச் சிவப்பு, எந்தெந்த ஸ்டேஷன் மஞ்சளோ, எல்லாம் கோணிப்பையில் ஏறின. வண்டி தெருமுனை திரும்புகிற வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளதைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்பு வந்தது; அடக்கவில்லை. மழை பிடித்தால் தாலுகா ஆபீஸ், போலீஸ் ஸ்டேஷன், பள்ளிக்கூடம் எல்லாம் சிவப்புச் சிவப்பாகச் சேம்பு பூக்கப் போகிறது. பஞ்சம் பயந்து ஓடிவிடும்.

நேற்று காலை கன்னியம்மா முறத்தில் கிழங்கோடு தெருவில் வந்தாள். கோதண்டம் காலிப் பாத்தியின் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தார்.

"கன்னியம்மா, கொஞ்சம் கிழங்கு குடேன். அன்னிக்கு வறுத்ததுல எங்களுக்கு ஒண்ணுமே மிஞ்சல."

அவள் நின்றாள். முறத்தை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"அய்ய, நாத்தங்கால் கியங்கு நைனா. யாரும் தொடக் கூடாதுன்னு பெரிய ஆபீசர் சொல்லிக்கிறாரு. சர்க்கார் விஷயம்."

சொல்லிவிட்டு நேராக எங்கள் வீட்டுக்குள் வந்து முறத்தைச் சமையலறையில் கவிழ்த்தாள். எங்கள் வீட்டில் பூச்செடி கிடையாது.