ஆர்ட்டெமிஸ் கோவில் படியில் விட்ட ஷூ

ஈத் விடுமுறைக்கு அல் கோபாரிலிருந்து காரில் கிளம்பி, இரண்டு நாள் ஓட்டி, ஜோர்டானில் இருக்கும் ஜெராஷுக்குப் போனோம். நான், மனைவி, பத்தாம் வகுப்பு படிக்கும் மகள். ஓட்டியது முழுக்க நான். எனக்கு வலது குதிகாலில் வலி உண்டு. டாக்டர் அளவெடுத்துக் கொடுத்த சிலிகோன் பேடு ஷூவுக்குள் இருந்தால்தான் பிரேக்கை அழுத்த முடியும். அதை நம்பித்தான் திரும்பி வரும் பயணமும்.

ஜெராஷ் ரோமானியர் காலத்து ஊர். 9.40க்கு வளைவு வாசல், 10.05க்கு முட்டை வடிவ மைதானம், 10.50க்கு ஆர்ட்டெமிஸ் தேவியின் கோவில். முகப்பில் பதினோரு தூண்கள், எண்ணினேன். கூரையும் இல்லை, விக்கிரகமும் இல்லை. ஆனாலும் மனைவி படிக்குக் கீழே செருப்பைக் கழற்றினாள்.

"அம்மா, இது ஜஸ்ட் ரூயின்ஸ். உள்ள சாமியே இல்ல," என்றாள் மகள்.

"போர்டுல டெம்பிள்னுதானடி போட்டிருக்கான். என்னங்க, நீங்களும் கழட்டுங்க."

கழற்றினேன். மூன்று சுற்று சுற்றினோம். மகள் ஒரு தூணுக்குப் பின்னால் நின்று எங்களைத் தெரியாதவள்போல் இருந்தாள். பின்னால் வந்த ஐரோப்பிய முதியவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு, அதுதான் முறை போலும் என்று வரிசையாக ஷூவைக் கழற்றினார்கள். இருபத்தாறு ஜோடி.

நாங்கள் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுந்து வருவதற்குள் அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். படியில் மனைவியின் செருப்பும் ஒரே ஒரு பழுப்பு ஷூ ஜோடியும் மீதி. காலை விட்டேன். அளவு சரி. பேடு இல்லை.

"யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க."

"கோவில்ல செருப்பு போனா பீடை விட்டுச்சுன்னு அர்த்தங்க."

"பீடை போகட்டும். கோபார் வரைக்கும் யார் ஓட்டுறது?"

"நான்தான் போன மாசம் லைசென்ஸ் வாங்கிட்டேனே."

"அதான் எனக்குப் பயமே."

அந்நியர் ஷூவில் நொண்டிக்கொண்டே அவர்களைத் தேடிப் போனேன். தெற்கு அரங்கில் இரண்டு பேர் தோல்பையில் காற்றடைத்து ஊதும் பேக்பைப் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில் எழுபது வயதுக்காரர் ஒருவர் துள்ளித் துள்ளி ஆடினார், என் ஷூவில். ஓரத்தில் அவருடைய கைத்தடியைப் பிடித்தபடி நின்ற அவர் மனைவி, உடைந்த ஆங்கிலத்தில் விளக்கினார்: இரண்டு வருடமாகக் குதிகால் வலி, கோவிலை விட்டு இறங்கியதும் போய்விட்டது. முதியவர் மேலே கையைக் காட்டினார். "டெம்பிள்."

என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "பலிச்சிருச்சு பாத்தீங்களா."

"பலிச்சது என் பேடு."

"சாமி குடுத்ததைப் பிடுங்காதீங்க. பாவம்."

"அப்பா, ஜஸ்ட் ஆஸ்க் ஹிம்," என்றாள் மகள்.

அவருடைய ஷூவைக் கழற்றி நீட்டினேன். அவர் தன் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், கல் இருக்கையில் உட்கார்ந்தார். ஷூவுக்குள் கையை விட்டு இரண்டு பேடையும் எடுத்து மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் என்னிடம் கொடுத்துவிட்டுக் கைத்தடிக்குக் கை நீட்டினார்.

எந்தக் கால் என்று சைகையில் கேட்டேன். இடது.

டாக்டர் ஜோடியாகத்தான் கொடுத்தார். ஆனால் எனக்கு வலிப்பது வலது மட்டும். இடது பேடை அவரிடம் கொடுத்தேன். போட்டுக்கொண்டு மூன்று அடி வைத்துப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்தார்.

எனக்கு ஆடத் தெரியாது. நான் வலது காலிலும் அவர் இடது காலிலுமாக நான்கு நிமிடம் குதித்தோம். மகள் அரங்கின் கடைசி வரிசைக்கு ஏறிப் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.