பதினோரு பேருக்கும் பட்டுப்புடவை

ஈரப் புல் வாசனையும் ஹாக்கி மட்டைக்குத் தடவிய எண்ணெய் வாசனையும் கலந்து கிடந்த ஒரு சின்ன அறை...

அறுபதுகளின் கடைசி. இங்கிலாந்தின் வடக்கே ஒரு பல்கலைக்கழகம். சாயங்களின் ரசாயனம் படிக்கப் போனவள் நான். ஹாக்கி கிளப்பில் பெயர் கொடுத்த அன்றே கையில் ஒரு பாவாடையைத் திணித்தார்கள். இடுப்பில் வைத்துப் பார்த்தேன். முட்டிக்கு ஒரு சாண் மேலேயே நின்றுவிட்டது.

"இதன் மீதி எங்கே?" என்று கேட்டேன். உண்மையாகத்தான் கேட்டேன். கேப்டன் மார்கரெட் அதை ஜோக் என்று நினைத்து வருடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்களுக்கு ஹாக்கி கற்றுக்கொடுத்தது கணுக்கால் வரை தொங்கும் பாவாடையில். ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டே ஓடிப் பழகியவள். இரண்டு கையும் மட்டைக்கே என்று ஆனதும்தான் என் கால்களுக்கு இவ்வளவு வேகம் உண்டு என்பது எனக்கே தெரிந்தது. மூன்றே மாதத்தில் முதல் அணியில் இடம். லெஃப்ட் விங். வெளிநாட்டுப் பெண்ணாயிற்றே என்று யாரும் இரக்கப்பட்டுத் தந்ததல்ல.

அணியை நிறுத்திப் பெரிய படம் எடுத்தார்கள். ஒரே ஒரு பிரதி வாங்கினேன். பின்பக்கம் பதினோரு பெயரையும் வரிசை தவறாமல் எழுதி, காஞ்சிபுரத்துக்குத் தபாலில் போட்டேன். அவ்வளவு பெருமை!

திரும்பி வந்தால் கிளப் பலகையில் அதே படம் தொங்கியது. அப்போதுதான் எங்கள் வீட்டார் கண்ணோடு அதைப் பார்த்தேன்.

காலில் தடித்த உறை மாட்டிய கோல்கீப்பரை விட்டுவிட்டால்... இருபது முட்டிகள்.

என் பயணத்துக்குச் சம்மதிக்கும்போதே பெரியப்பா எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார்: "அவளப் பத்தி ஒரு சொல்லு வரட்டும், அடுத்த கப்பல்லயே இட்டாந்துடணும்." குடும்பத்தில் அவர் சொல்தான் முடிவு. என் கடிதங்களைக் கூட எங்கள் பட்டுக் கடையில் சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி அவர்தான் வாசிப்பார்.

ஓடினேன். மழையில் அந்தச் சிவப்புத் தபால் பெட்டியருகே ஒரு மணி நேரம் நின்றேன். தபால்காரர் வந்தார். கெஞ்சினேன். பெட்டிக்குள் விழுந்துவிட்டால் அது ராணியம்மாவின் பொறுப்பாம். சிரித்துக்கொண்டே பையைக் கட்டி எடுத்துப் போய்விட்டார்.

ஊருக்குக் கிளம்பச் சொல்லிவிடுவார்கள் என்று மூன்று வாரம் துணிப்பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாகக் கழித்தேன். அப்பாவிடமிருந்து கடிதம் வந்தது. "படம் கிடைத்தது. பெரியப்பா மிகவும் சந்தோஷப்பட்டார். கடையில் மாட்டியிருக்கிறோம்."

கடையிலா? மாட்டியிருக்கிறார்களா? பெரியப்பாவா? எதுவும் விளங்கவில்லை. ஆனால் யாரும் என்னைத் திரும்பக் கூப்பிடவில்லை. படிப்பை முடித்துக்கொண்டுதான் வந்தேன்.

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் கடைக்குள் நுழைந்த முதல் நாள். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்தப் படம்.

பதினோரு பெண்களும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஹாக்கி மட்டையோடு நின்றார்கள்.

மார்கரெட்டுக்கு மாம்பழ நிறத்தில் அரக்குக் கரை. எனக்கு மயில் கழுத்து நிறம். கொசுவம், ஜரிகை, எல்லாம் கணக்காக இருந்தது. எங்களுக்குக் கட்டத் தாளில் புடவை டிசைன் வரையும் காதர் பாயின் கைவேலை. நான் படத்தையே பார்த்து நிற்பதைக் கண்டு அவரே வந்தார்.

"உனுக்கு மட்டும் பொடவ போட்டா சந்தேகம் வரும்னு அப்பா சொன்னாரு பாப்பா. அதான் அத்தினி பேருக்கும் கட்டி வுட்டுட்டேன். பெரியவரு பட்டுநூல் வாங்க பெங்களூர் போயிருந்தாரு. மூணு நாள்ல முடிச்சேன். அந்தக் கோல்கீப்பர் பொண்ணுதான் பேஜார். காலு ரெண்டும் தலகாணி மாதிரி... கொசுவமே நிக்கல!"

"கடைக்கு வர்றவங்க மார்கரெட் கட்டியிருக்கிறதுதான் வேணும்னு கேக்கறாங்கமா," என்றார் அப்பா, மெதுவாக. "நெய்யவே வெச்சிட்டோம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"அது என் படம்பா! நான் ஓடி வாங்கின எடம். என்கிட்ட வேற காப்பி கூட இல்ல. அதுல போய் பொய்யப் பூசி வெச்சிருக்கீங்களே!"

காதர் பாய் தூரிகையைக் கழுவ வேண்டும் என்று நழுவிவிட்டார். அப்பா விரித்துக் கிடந்த ஒரு புடவையை மடித்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"எடது முட்டியில கட்டு போட்டுக்கினு நின்னியே... அது ஆறிடுச்சாமா?"

படம் எடுப்பதற்கு முந்தைய ஆட்டத்தில் பட்ட அடி. எனக்கே மறந்துபோயிருந்தது.

"லெட்டர்ல கேக்க முடியாது. நாங்க போடறதையும் பெரியப்பா படிப்பாரு," என்றார்.

கடை என்று பார்க்கவில்லை. புடவையை முட்டி வரை தூக்கித் தழும்பைக் காட்டினேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"தையலா?"

"மூணு."

"ரொம்ப வலிச்சுதா?"

"ஆமாம்பா," என்றேன். அதுவரை அதை நான் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

பின்னாளில் என்னைப் பெண் பார்க்க வந்தவர், அந்தப் படத்தைப் பார்த்து, புடவையில் எப்படி ஓடினீர்கள் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். கல்யாணம் செய்துகொண்டார். இன்று அவரும் இல்லை, அப்பாவும் இல்லை.

போன வாரம் என் பேத்தி, வெளிநாட்டில் அவள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியோடு அரைக்கால் சட்டையில் நிற்கும் படத்தைப் போனில் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். குடும்பத்தில் ஒருவர் புருவம் கூட உயரவில்லை. எத்தனை இதயங்கள், எத்தனை கைதட்டல்கள்... நல்ல காலம்தான், மறுக்கவில்லை.

ஆனால் அவள் வலது கணுக்காலில் கட்டு போட்டிருந்தது. கீழே அத்தனை பேர் எழுதியதையும் ஒவ்வொன்றாகப் படித்தேன். அதைப் பற்றி ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

அவளுக்குப் போன் போட்டேன்.