ஒரு நூல் குறைந்த செம்பும் மைனஸ் 118 டிகிரியும்: கோரிமேட்டில் ஒரு பகல்

பாண்டிச்சேரிக்குப் போகிறேன் என்றதும் வீட்டில் எல்லாரும் கடற்கரைப் படம் அனுப்பச் சொன்னார்கள். நான் கடலின் பக்கமே போகவில்லை. போன தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, எறும்புத் தலையளவு படிகம் ஒன்றை டப்பியில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். எர்பியம், இரிடியம், சிலிக்கான் மூன்றையும் உருக்கிச் சேர்த்து வளர்த்த படிகம். பதினொரு மாத உழைப்பு. இதற்கு முன் வளர்த்த இரண்டும் உடைந்துவிட்டன. சுத்தமான படிகம் என்றால், குளிர வைக்கும்போது மைனஸ் 118 டிகிரியில் அதன் மின்தடை சட்டென்று எகிற வேண்டும். எகிறாவிட்டால் என் ஆராய்ச்சியின் நான்காம் ஆண்டு அம்போ. திரவ ஹீலியம் உள்ள ஆய்வகம் ஒன்றில் எனக்குக் கிடைத்தது அந்த ஒரே நாள்தான், மாலை ஏழு மணி வரை.

கிளாம்பாக்கத்தில் காலை 5.10க்குத் திண்டிவனம் வழி பஸ். 145 ரூபாய், ஏறக்குறைய 125 கிலோமீட்டர். பஸ் ஸ்டாண்டு வரை போகாதீர்கள், கோரிமேட்டிலேயே இறங்குங்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் பாதி பஸ்ஸைக் காலி செய்வார்கள், அவர்களோடு நானும் 8.05க்கு இறங்கினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாகூர்க்காரம்மா என் டப்பியைப் பார்த்து, "மாத்திரையா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்ல?

ஆய்வகம் நடந்துபோகும் தூரம். அங்கே குளிரூட்டும் கருவியைப் பார்த்துக்கொள்பவர் கலையரசி மேடம். படிகத்தை உட்கார வைக்க நான் கொண்டுபோன செம்புத் தாங்கியை உள்ளே இறக்கினார். மூடி மூடவில்லை. "அரை மில்லிமீட்டர் தூக்குது. தட்டாஞ்சாவடில லேத் இருக்கு, தேச்சி எடுத்துக்கினு ஓடியாந்துடுங்க" என்றார். மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

லேத் பட்டறைக்காரர் தனசேகர். நான் அவசரக்குடுக்கை. தாங்கியை நீட்டி, "அண்ணே, ஒரே ஒரு நூல் கொறச்சிக் குடுங்க" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன். எங்கள் வீட்டில் ஒரு நூல் என்றால் மயிரிழை. திரும்பி வந்து பார்த்தால் தாங்கி குள்ளமாகிக் கிடந்தது!

"என்னண்ணே இப்படி வெட்டிட்டீங்க!" என்று கத்தினேன். கொஞ்சம் ஓவராகவே கத்தினேன்.

"நீங்கதான மேடம் ஒரு நூல்னீங்க?" அவர் ஸ்கேலை எடுத்துக் காட்டினார். "இஞ்சில எட்டுல ஒண்ணு. பட்டறைல எவனைக் கேட்டாலும் இதாஞ் சொல்லுவான்."

எட்டில் ஒன்று என்றால் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். படிகம் கருவிக்குள் இருக்கும் கம்பிச் சுருளுக்கு நடுவில் நிற்க வேண்டும். இவ்வளவு கீழே இறங்கினால், மின்தடைக்கு அடுத்து நான் எடுக்க வேண்டிய காந்த அளவு எதுவும் பதியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. தனசேகர் துண்டுச் செம்பைத் தேடி எடுத்தார். "இந்த வாட்டி நீங்களே அளந்து சொல்லுங்க." இரண்டு புள்ளி ஏழு மில்லிமீட்டர் என்றேன். அந்தக் கனத்துக்கு ஒரு வாஷர் கடைந்து, இரண்டு முகத்தையும் கண்ணாடி மாதிரி தேய்த்து, அடியில் வைத்து ஸ்க்ரூ முடுக்கினார். ஆனால் ஒட்டுப்போட்ட இடத்தில் குளிர் தடைப்படலாம். அந்தப் பயத்தோடேயே 11.20க்கு ஆய்வகத்துக்குத் திரும்பினேன்.

பன்னிரண்டுக்குக் குளிர ஆரம்பித்தது. திரையில் மின்தடைக் கோடு சாதுவாக இறங்கிக்கொண்டே போனது. மைனஸ் நூறு. மைனஸ் நூற்றுப்பத்து. 2.40 மணிக்கு மைனஸ் 118இல், அந்தக் கோடு படியேறியது. நான் போட்ட சத்தத்தில் கலையரசி மேடம் டீயைச் சிந்திவிட்டார்.

அதுவரை சமமாகப் பரவிக் கிடந்த எலக்ட்ரான்கள், வயலில் வரப்பும் பாத்தியும் போல, ஓரிடத்தில் கூடி, அடுத்த இடத்தில் குறைந்து, வரிசை கட்டிவிட்டன. இதைத்தான் மின்சுமை அடர்த்தி அலை என்கிறோம். அதற்கு இடம் கொடுத்து அணுக்களும் துளி நகர்கின்றன. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, கோடானுகோடியும் ஒரே நேரத்தில்! எத்தனையோ முறை படித்ததுதான், ஆனாலும் உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

வாஷர் வழியாகக் குளிர் முழுசாக இறங்குமா என்ற கேள்விக்கு 6.10க்குத்தான் பதில் கிடைத்தது. மைனஸ் 270ஐ நெருங்கியபோது காந்த அளவு உச்சிக்குப் போய்க் கீழே சரிந்தது. ஒவ்வொரு எர்பியம் அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அவை மேலே, கீழே, மேலே, கீழே என்று மாற்றி மாற்றித் திரும்பி நின்றுவிட்டன. எலக்ட்ரான் அலையும் கலையவில்லை. எறும்புத் தலைக்குள் இரண்டு ஒழுங்குகள், ஒன்றையொன்று இடிக்காமல். கும்பிடத் தோன்றியது.

இதே வேலையாக வருகிறவர்களுக்கு: தாங்கியை ஊரிலேயே அளந்து சரிபாருங்கள், கையோடு கூடுதல் செம்பு கொண்டுவாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி எதிரில் மெஸ் இருக்கிறது, எழுபது ரூபாய்.

திரும்பும்போது ஆட்டோவைத் தட்டாஞ்சாவடிக்கு விடச் சொன்னேன். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. தனசேகர் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். கேட்டேன். பிறகு நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னேன்.

"அந்த அணு எவ்ளோ நகந்துச்சு?" என்றார்.

மனக்கணக்காகச் சொன்னேன்: "உங்க ஒரு நூலை முப்பது கோடிப் பங்கு போட்டா, சுமாரா அதுல ஒரு பங்கு."

பூட்டிய கதவைத் திறந்து உள்ளே போய் ஸ்கேலை எடுத்துவந்தார். அந்த எட்டில் ஒரு பங்குக் கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"அவ்ளோண்டுக்கா கரண்டே மாறுது?"

"ஆமாண்ணே."

"அப்ப அதைத்தான் மேடம் நூல்னு சொல்லணும்" என்றார். "நாங்க வெட்றதெல்லாம் கயிறு."