அவன் சீட்

அவனியாபுரத்தில் ஒரு பிளக்ஸ் கடையில் நான் டிசைனராக இருந்தேன். நான்தான் அப்படிச் சொல்லிக்கொள்கிறேன், கடையில் யாரும் சொன்னதில்லை. எனக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவன் ஷார்ஜாவுக்குப் போய்விட்டான். அவன் விட்டுப்போன கம்ப்யூட்டர் முன்னால் என்னை உட்காரவைத்த முதலாளி, அந்த இடத்தைக் கடைசிவரை 'அவன் சீட்' என்றுதான் சொன்னார். "அந்தா, அவன் சீட்டுல உக்காந்திருக்காரு பாருங்க, அவர்ட்டப் போட்டோவைக் குடுங்க" என்பார், ஆர்டர் கொடுக்க வருகிறவர்களிடம்.

எங்கள் பக்கத்தில் காதுகுத்து பிளக்ஸ் அடிப்பதைவிடக் கலெக்டர் வேலை சுலபம். தாய்மாமன் படம்தான் பெரிதாக இருக்க வேண்டும். தாய்மாமன் இரண்டு பேர் என்றால் தொலைந்தோம். பேச்சுவார்த்தை இல்லாத சித்தப்பாவையும் பெரியப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் பந்தலிலேயே கைகலப்பு. ஷார்ஜா போனவனுக்கு ஊரில் எல்லாக் குடும்பச் சண்டையும் அத்துப்படி. நான் கேட்டுக் கேட்டுப் போட்டும் எவனாவது ஒருவன் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பான். "அந்தத் தம்பி எப்பண்ணே திரும்பி வாரான்?" என்று என் எதிரிலேயே முதலாளியைக் கேட்பான்.

ஒருநாள் அவன் உண்மையிலேயே வருகிறேன் என்று போன் செய்தான். முதலாளி ஸ்பீக்கரில் போட்டு, கடை முழுக்கக் கேட்கும்படி பேசினார். "வந்துர்றா மாப்ள. ஓஞ் சீட்டு அப்பிடியே கெடக்கு." நான் அதில்தான் உட்கார்ந்திருந்தேன்.

என் மனைவிக்கு அப்போது நிறைமாதம். எனக்கு வேறு வேலையும் தெரியாது. மென்று முழுங்கி, "அண்ணே, அப்ப நானு?" என்று கேட்டேன்.

"பாப்போம்ப்பா. பிளக்ஸ்ல கயிறு கட்ட ஓட்ட போடுறதுக்கு ஆள் தேவைப்பட்டா சொல்றேன். மொதல்ல அவனுக்கு ஒரு வரவேற்பு பிளக்ஸ் அடி. நல்லாப் பெருசா."

என் வேலையைப் பறிக்க வருகிறவனுக்கு என் கையாலேயே 'வருக வருக' அடித்தேன். நடுவில் கூலிங் கிளாஸோடு அவன். கீழே முதலாளியில் தொடங்கி வரிசையாகச் சின்னப் படங்கள். அடியில் முதலாளி சொல்லச் சொல்லப் போட்ட வரி: 'உன்னோடு இணையக் காத்திருக்கும் நட்புகள்.'

வந்தான். என்னை எழுப்பிவிட்டு உட்கார்ந்து, நாற்காலியைத் தன் உயரத்துக்கு இறக்கிக்கொண்டான். "என்னால ஒங்களுக்குத்தான்ணே சங்கடம்" என்றான். நல்லவன்தான். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. சங்கடம் என்று தெரிந்தவன் ஷார்ஜாவிலேயே கிடந்திருக்கலாமே.

திங்கட்கிழமை வேலையில் சேருவதாக இருந்தான். ஞாயிற்றுக்கிழமை திருப்பரங்குன்றம் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது லாரி அடித்துவிட்டது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டான்.

செய்தி கேட்டதும் என் வாய் ஐயோ என்றது. வயிறு குளிர்ந்துவிட்டது. ஒளிப்பானேன், சந்தோஷம்தான்.

பெரியாஸ்பத்திரியிலிருந்து உடல் வருவதற்குள் பிளக்ஸ் நிற்க வேண்டும் என்று முதலாளி அழுதுகொண்டே விரட்டினார். புதிதாகச் செய்ய நேரம் ஏது? பழைய பைலையே திறந்தேன். வருக வருகவை அழித்துக் கண்ணீர் அஞ்சலி என்று போட்டேன். கூலிங் கிளாஸ் இல்லாத படம் ஒன்றை மாற்றி, கலரை எடுத்து, பெயருக்கு முன்னால் அமரர் சேர்த்து, பிரிண்டுக்கு அனுப்பினேன். அடியில் கிடந்த வரியை நான் பார்க்கவே இல்லை.

இழவு வீட்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர்தான் எழுத்துக்கூட்டி வாசித்தார். வாசித்துவிட்டு, வரிசையில் முதலாவதாக இருந்த படத்தையும், பக்கத்தில் நின்ற முதலாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நீங்க எப்பண்ணே கெளம்புறீங்க?"

பிணத்தைப் போட்டுக்கொண்டு சிரிக்கக் கூடாது என்று சனம் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டது. முதலாளி அத்தனை பேர் முன்னாலும் என்னை அறைந்தார். "அவன் கை பட்டிருந்தா இந்தத் தப்பு வந்திருக்குமாடா?" என்றார். செத்தவனே எழுந்து வந்து தன் பிளக்ஸை அடித்திருக்க வேண்டும் என்று நினைத்த முதலாளி உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

கன்னம் எரிந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். இனிமேல் திரும்பி வர ஆள் இல்லை. திட்டினாலும் அடித்தாலும் என்னை விட்டால் அவருக்கு வேறு கதி கிடையாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முதலாளி அவன் மனைவியைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். டிடிபி படித்த பெண்ணாம். கருணை அடிப்படையில் வேலை கொடுக்கிறாராம், என்னவோ கலெக்டர் ஆபீஸ் நடத்துகிற மாதிரி.

"எந்திரிப்பா. அந்தப் புள்ளைக்குப் பைலெல்லாம் எங்கெங்க இருக்குன்னு காட்டிட்டுப் போ. அவன் சீட்டு அவன் குடும்பத்துக்குத்தான் சேரணும்."

"அண்ணே, எனக்கும் குடும்பம் இருக்குண்ணே. போன வாரந்தாண்ணே புள்ள பெறந்துருக்கு."

அவர் கோபப்படவில்லை. தோளில் கைபோட்டு, அன்பாகத்தான் சொன்னார்.

"நான் இல்லேங்கலையேப்பா. நீ செத்திருந்தா ஓம் பொண்டாட்டிக்கும் இப்பிடித்தான் குடுத்திருப்பேன். நீதான் உசுரோட இருக்கியே, நான் என்னப்பா செய்ய?"