மணல்தீவுப் பச்சோந்தி

எர்மெலிண்டாவுக்குப் படகு ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன் அவள் கணவன் இலாரியோ. அவன் பிரான்ஸுக்குக் கட்டட வேலைக்குப் போனதும், நாற்பதாவது வயதில் அவள் உரிமம் எடுத்தாள். தங்கள் ஊரான தவீராவின் படகுத்துறையில் கொழுந்தன் கஸிமீரோவின் சுற்றுலாப் படகை ஓட்ட ஆரம்பித்தாள். ஒன்பது கோடையாக அதே சுற்றுதான்: ஆற்றுப் பாலம், உப்பளத்துப் பூநாரைகள், கடைசியில் மணல்தீவின் கடற்கரை. வெயிலுக்குப் பூசிய எண்ணெயும் வியர்வையும் கலந்த வாடை இருக்கைகளில் ஊறிக் கிடக்கும். தினமும் மாலையில் அதைத் தேய்த்துக் கழுவும்போது அவளுக்குக் குமட்டும். ஆனாலும் பறவைகளைக் காட்டுவது அவளுக்குப் பிடித்திருந்தது.

அந்த ஜூலையில் கஸிமீரோ ஒரு புதுச்செய்தியோடு வந்தான். "அண்ணி, தீவுல மரப்பாதை முடியுற இடத்துப் புதர்ல ஒரு பச்சோந்தி இருக்கு. சனங்களுக்குக் காட்டுங்க."

காட்டினாள். "உங்களுக்கு நல்ல யோகம், எல்லாருக்கும் கண்ணுல படாது" என்று தினமும் சொன்னாள். அவர்கள் கைதட்டினார்கள். பன்னிரண்டு நாளும் அது அதே கிளையில்தான் இருந்தது. அந்த மணலிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவும் செய்தது. ஆனால் அவள் கிட்டப் போய்ப் பார்க்கவில்லை.

பதிமூன்றாம் நாள் ஒரு டச்சுக்காரர் தன் கேமராவை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். "இது என்னம்மா, காலில்?"

படத்தைப் பெரிதாக்கியிருந்தார். தூண்டில் நரம்பு. பின்னங்காலைச் சுற்றி இறுக்கிக் கிளையில் முடிந்திருந்தது.

எர்மெலிண்டா புதருக்குள் நுழைந்தாள். கிட்டே போனதும் அழுகல் நாற்றம் அடித்தது. நரம்பு சதைக்குள் புதைந்து, பாதம் கறுத்து வீங்கியிருந்தது. காயத்தில் ஈக்கள் மொய்த்தன. பச்சோந்தியின் ஒரு கண் அவள் பக்கம் திரும்பியது. அவள் கத்தியால் நரம்பை அறுத்து, பச்சோந்தியைத் தொப்பிக்குள் எடுத்துக்கொண்டாள். பிறகு புதரோரம் குனிந்து வாந்தியெடுத்தாள். பின்னால் யாரோ அதையும் படம் பிடித்தார்கள்.

துறைக்கு வந்ததும் கஸிமீரோவிடம் தொப்பியைக் காட்டினாள். "நீயா கட்டுன?"

அவன் சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "மெதுவாப் பேசுங்க அண்ணி. ஓடிடக் கூடாதுன்னுதான். தினமும் ஈ, வெட்டுக்கிளின்னு போட்டேனே!"

"கால் அழுகிப் போச்சுடா!"

"ஒரு ஓணானுக்காக இப்படிக் கூப்பாடு போடுறீங்க. கைதட்டு வாங்குனது நானா, நீங்களா?"

அந்தக் கேள்விதான் அவளை அடித்துப் போட்டது. அவன் மேல் வந்த அருவருப்பு அப்படியே அவள் மேலும் திரும்பியது. படகுச் சாவியை அவன் காலடியில் எறிந்துவிட்டு, விலங்கு வைத்தியரைத் தேடிப் போனாள். பச்சோந்தியின் காலை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. உயிர் பிழைத்தது. நடந்ததை அவளே கடலோரக் காவலர்களிடம் எழுதிக் கொடுத்தாள். அதில் 'தினமும் காட்டியது நான்' என்ற வரியும் இருந்தது. கஸிமீரோவின் உரிமம் அந்தக் கோடை முழுக்க முடக்கப்பட்டது.

எர்மெலிண்டா அத்தை மகளோடு கழிமுகச் சேற்றில் மட்டிச் சிப்பி பொறுக்கப் போனாள். முதுகு ஒடிகிற வேலை. ஆனால் அங்கே யாரையும் பார்த்துச் சிரிக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் மாமியாரின் பிறந்தநாளுக்குக் குடும்பம் முழுவதும் கூடியது. இலாரியோவும் வந்திருந்தான். கஸிமீரோ எதுவுமே நடக்காததுபோல, சுட்ட மத்தி மீனின் முள்ளைத் தன் விரலாலேயே உருவி அவள் தட்டில் வைத்தான். "சாப்பிடுங்க அண்ணி, சூடு ஆறிடும்."

அவள் அந்த விரல்களைப் பார்த்தாள். தட்டை மேசை நடுவுக்குத் தள்ளினாள்.

"என்னடி, அவன் உன் கொழுந்தன்" என்றான் இலாரியோ.

"தெரியும்," என்றாள் அவள். "ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளு."